ரிசர்வ் வங்கி பத்திரங்களை வாங்கினால் யாருக்கு ஆதாயம், யாருக்கு இழப்பு? – 'அளவுசார் பணத் தளர்வு' ஒரு விளக்கம்

2021ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் தேதி சிறுசேமிப்புத் திட்டங்களுக்கான வட்டி விகிதங்களைக் குறைத்து மத்திய நிதியமைச்சகம் அறிவிக்கை வெளியிட்டது. பொது வருங்கால வைப்பு நிதிக்கான வட்டி 7.1 சதவீதத்திலிருந்து 6.4 சதவீதமாகவும், மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கான வட்டி 7.4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாகவும் குறைக்கப்பட்டிருந்தன. கவனக்குறைவால் வெளியான உத்தரவு என்றும், அது திரும்பப் பெறப்படும் என்றும் மறுநாள் காலையிலேயே நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார்.

அடுத்த வாரம், ஏப்ரல் 7ஆம் தேதி, ரிசர்வ் வங்கி மற்றோர் அறிவிப்பை வெளியிட்டது. நடப்புக் காலாண்டில் ரூ.1 லட்சம் கோடி மதிப்புள்ள அரசுப் பத்திரங்களைச் சந்தையில் வாங்கப் போவதாக அப்போதைய ஆளுநர் சக்திகாந்த தாஸ் தெரிவித்தார். 'ஜி-சாப்' எனப் பெயரிடப்பட்ட இந்தத் திட்டம் நாளிதழ்களின் வணிகப் பக்கத்தைத் தாண்டிப் பெரிதாகப் பேசப்படவில்லை. ஆனால் முதல் அறிவிப்புக்கும் இரண்டாவது அறிவிப்புக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. சிறுசேமிப்பு வட்டி அரசுப் பத்திரங்களின் வருவாய் விகிதத்தை அடிப்படையாகக் கொண்டு காலாண்டுதோறும் மறுஆய்வு செய்யப்படுகிறது. அந்த வருவாய் விகிதத்தை உயரவிடாமல் பார்த்துக்கொள்வதே ஜி-சாப் திட்டத்தின் நோக்கம்.

மத்திய வங்கி பெருமளவில் கடன் பத்திரங்களை வாங்கி, அதன் மூலம் பொருளாதாரத்தில் பணப்புழக்கத்தை அதிகரிக்கும் இந்த நடைமுறை 'அளவுசார் பணத் தளர்வு' எனப்படுகிறது. 'குவான்டிடேட்டிவ் ஈஸிங்' என்ற பெயரிலும், சுருக்கமாக 'கியூ.இ.' என்றும் இது பரவலாக அறியப்படுகிறது. இந்தியா செய்தது கியூ.இ. தானா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அதன் விளைவுகள் இந்தியர்களைத் தொட்டன என்பதில் ஐயமில்லை.

பத்திர விலையும் வட்டியும்

ஆண்டுக்கு ரூ.6 வட்டி தரும் ரூ.100 மதிப்புள்ள அரசுப் பத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதை ரூ.100 கொடுத்து வாங்கியவருக்கு வருவாய் 6 சதவீதம். மத்திய வங்கி போன்ற பெரிய கொள்முதலாளர் சந்தைக்குள் நுழைந்ததும் பத்திரத்தின் விலை ரூ.104 ஆக உயர்கிறது எனில், புதிதாக வாங்குபவருக்கும் கிடைப்பது அதே ரூ.6 தான். அவருடைய வருவாய் 5.77 சதவீதமாகக் குறைகிறது. முதிர்வின்போது ரூ.100 மட்டுமே திரும்பக் கிடைக்கும் என்பதால் அவர் பெறும் உண்மையான வருவாய் அதைவிடவும் குறைவு. விலை ஏறினால் வருவாய் விகிதம் இறங்கும் என்ற இந்த எளிய கணக்கின் மீதே கியூ.இ. முழுவதும் கட்டப்பட்டுள்ளது.

அரசின் புதிய கடன்களுக்கான வட்டியும், நிறுவனங்கள் வெளியிடும் பத்திரங்களுக்கான வட்டியும் இந்த வருவாய் விகிதத்தைப் பின்பற்றியே அமைகின்றன. அது குறையும்போது கடன் வாங்குவோருக்கு ஆதாயம்; கடன் கொடுப்போருக்கு வருமானக் குறைவு. வங்கியில் பணம் வைத்திருக்கும் முதியவரும் கடன் கொடுப்போர் பட்டியலில்தான் வருகிறார்.

பத்திரத்துக்கான விலையை மத்திய வங்கி எப்படிக் கொடுக்கிறது? அச்சகத்தில் நோட்டு அடித்து அல்ல. பத்திரத்தை விற்ற வங்கி, மத்திய வங்கியில் வைத்திருக்கும் கணக்கில் அந்தத் தொகை வரவு வைக்கப்படுகிறது. அதற்கு முன்பு எங்கும் இல்லாத பணம், ஒரு கணக்குப் பதிவின் மூலம் உருவாகிறது. பின்னாளில் மத்திய வங்கி அந்தப் பத்திரத்தை விற்றாலோ, முதிர்வுத் தொகையைப் பெற்றுக்கொண்டு மீண்டும் முதலீடு செய்யாமல் விட்டாலோ அந்தப் பணம் மறைந்துவிடும். 'பணம் அச்சடிப்பு' என்ற அரசியல் மேடைச் சொல் இந்த நடைமுறையைப் பாதியளவே விளக்குகிறது.

ஜப்பானில் தொடங்கிய வழக்கம்

மத்திய வங்கிகளின் வழக்கமான கருவி குறுகிய கால வட்டி விகிதம். அது பூஜ்யத்தைத் தொட்ட பிறகும் பொருளாதாரம் மீளவில்லையெனில் என்ன செய்வது என்ற கேள்வியை முதலில் எதிர்கொண்ட நாடு ஜப்பான். 2001 மார்ச் மாதத்தில் ஜப்பான் மத்திய வங்கி இந்த முறையைத் தொடங்கி 2006 மார்ச் வரை கடைப்பிடித்தது.

2008 நிதி நெருக்கடியின்போது அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் இதைக் கையில் எடுத்தது. அந்த ஆண்டு நவம்பர் 25ஆம் தேதி, 60,000 கோடி டாலர் அளவுக்கு வீட்டுவசதிக் கடன் சார்ந்த பத்திரங்களை வாங்கப் போவதாக அது அறிவித்தது. 2010 நவம்பரில் இரண்டாம் சுற்றும், 2012 செப்டம்பரில் மூன்றாம் சுற்றும் தொடங்கின. மூன்றாம் சுற்றில் கொள்முதல் மாதத்துக்கு 8,500 கோடி டாலர் வரை உயர்ந்தது. நெருக்கடிக்கு முன்பு சுமார் 90,000 கோடி டாலராக இருந்த ஃபெடரல் ரிசர்வின் சொத்துகள், 2014இல் கொள்முதல் நிறுத்தப்பட்டபோது சுமார் 4.5 லட்சம் கோடி டாலராக இருந்தன.

பிரிட்டன் 2009 மார்ச் மாதத்திலும், ஐரோப்பிய மத்திய வங்கி 2015 மார்ச் மாதத்திலும் இதே பாதையில் இறங்கின. கியூ.இ. நடைமுறையில் பலனளிக்கிறது, ஆனால் கோட்பாட்டின்படி பலனளிக்கக் கூடாது என்று அப்போதைய ஃபெடரல் ரிசர்வ் தலைவர் பென் பெர்னான்கே பதவி விலகுவதற்குச் சில வாரங்கள் முன்பு வேடிக்கையாகக் குறிப்பிட்டார். வேடிக்கை என்றாலும், பொருளியலாளர்களின் நிலை இன்றும் ஏறத்தாழ அதுவே.

யாருக்கு ஆதாயம் என்ற கேள்விக்கு இங்கிலாந்து வங்கியே 2012 ஜூலையில் ஓர் ஆய்வறிக்கையில் பதிலளித்தது. பத்திரக் கொள்முதல் இல்லாமல் இருந்திருந்தால் பெரும்பாலான மக்களின் நிலை மேலும் மோசமாகியிருக்கும் என்று வாதிட்ட அந்த அறிக்கை, சொத்து விலை உயர்வின் பலன் சொத்து வைத்திருப்போருக்கே சென்றது என்பதையும் மறைக்கவில்லை. ஓய்வூதிய நிதிகள் நீங்கலான நிதிச் சொத்துகளில் 40 சதவீதம் மேல்தட்டில் உள்ள 5 சதவீதக் குடும்பங்களிடம் இருப்பதாக அது குறிப்பிட்டது.

2013: அமெரிக்காவில் ஒரு சொல், மும்பையில் நடுக்கம்

அமெரிக்காவில் வட்டி பூஜ்யத்தை ஒட்டி இருந்த ஆண்டுகளில், அங்கு உருவான பணம் கூடுதல் வருவாய் தேடி இந்தியா, பிரேசில், இந்தோனேசியா போன்ற நாடுகளின் பங்குகளிலும் பத்திரங்களிலும் பாய்ந்தது. இதனால் தங்கள் நாணயங்களின் மதிப்பு செயற்கையாக உயர்ந்து ஏற்றுமதி பாதிக்கப்படுகிறது என வளரும் நாடுகள் குறை கூறின. பிரேசில் நிதியமைச்சர் கிடோ மான்டேகா 2010இல் இதை 'நாணயப் போர்' என வர்ணித்தார். இந்தியாவில் அப்போது குறை சொல்வோர் அதிகம் இல்லை. வந்துகொண்டிருந்த டாலர், பெருகி வந்த எண்ணெய், தங்க இறக்குமதிக்கான செலவை ஈடுகட்டியது. 2012-13ஆம் நிதியாண்டில் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4.8 சதவீதத்தைத் தொட்டிருந்தது.

2013 மே 22ஆம் தேதி அமெரிக்க நாடாளுமன்றக் கூட்டுக் குழு முன் ஆஜரான பெர்னான்கே, வரும் கூட்டங்களில் மாதாந்திரக் கொள்முதலைக் குறைக்கக்கூடும் எனத் தெரிவித்தார். கொள்முதல் நிறுத்தப்படவில்லை, குறைக்கப்படவும் இல்லை. குறைக்கக்கூடும் என்ற சொல்லே போதுமானதாக இருந்தது. வெளிநாட்டு முதலீட்டாளர்கள் இந்தியப் பத்திரங்களை விற்று டாலராக மாற்றி வெளியேறத் தொடங்கினர். மே மாதத்தில் டாலருக்கு சுமார் ரூ.55 ஆக இருந்த ரூபாய் மதிப்பு, ஆகஸ்ட் 28ஆம் தேதி ரூ.68.80ஐ ஒட்டிச் சரிந்தது. இந்தியா, பிரேசில், இந்தோனேசியா, துருக்கி, தென்னாப்பிரிக்கா ஆகியவற்றுக்கு 'எளிதில் நொறுங்கும் ஐந்து நாடுகள்' என்ற பட்டத்தை மார்கன் ஸ்டான்லி நிறுவனம் சூட்டியதும் அந்த மாதத்தில்தான்.

ரூபாயைக் காப்பாற்ற எடுக்கப்பட்ட நடவடிக்கைகளின் சுமை உள்நாட்டில் விழுந்தது. ஜூலை 15ஆம் தேதி, வங்கிகள் அவசரத் தேவைக்குப் பெறும் கடனுக்கான வட்டியை ரிசர்வ் வங்கி 10.25 சதவீதமாக உயர்த்தியது. வளர்ச்சி ஏற்கெனவே மந்தமாக இருந்த ஆண்டில், தொழில் நடத்துவோரின் கடன் செலவு கூடியது. தங்கத்துக்கான இறக்குமதி வரி 10 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அரசு எண்ணெய் நிறுவனங்கள் சந்தைக்குச் செல்லாமல் நேரடியாக ரிசர்வ் வங்கியிடமே டாலர் பெறத் தனி ஏற்பாடு செய்யப்பட்டது.

செப்டம்பர் 4ஆம் தேதி ஆளுநராகப் பொறுப்பேற்ற ரகுராம் ராஜன், வெளிநாடுவாழ் இந்தியர்களிடமிருந்து வங்கிகள் திரட்டும் டாலர் வைப்புகளுக்குச் சலுகைக் கட்டணத்தில் நாணய மாற்றுப் பாதுகாப்பு அளிக்கும் திட்டத்தை அறிவித்தார். வங்கிகளின் வெளிநாட்டுக் கடன்களுக்கும் இதேபோன்ற வசதி வழங்கப்பட்டது. இரண்டின் வழியாகவும் நவம்பர் இறுதிக்குள் சுமார் 3,400 கோடி டாலர் வந்து சேர்ந்தது. ஃபெடரல் ரிசர்வ் உண்மையிலேயே கொள்முதலைக் குறைக்கத் தொடங்கிய 2014 ஜனவரியில் ரூபாய் பெரிதாக அசையவில்லை.

பணக்கார நாடுகளின் மத்திய வங்கிகள் தங்கள் கொள்கை பிற நாடுகளில் ஏற்படுத்தும் விளைவுகளையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்று 2014 ஏப்ரலில் வாஷிங்டனில் ஆற்றிய உரையில் ராஜன் வலியுறுத்தினார். உரையைக் கேட்க அரங்கில் பெர்னான்கேயும் இருந்தார். அமெரிக்க மத்திய வங்கிக்குச் சட்டம் விதித்துள்ள கடமை அமெரிக்க வேலைவாய்ப்பும் அமெரிக்க விலைவாசியும் மட்டுமே என்ற நிலை அதன் பின்னரும் மாறவில்லை.

பெருந்தொற்றுக் காலமும் ஜி-சாப் திட்டமும்

2020 மார்ச் மாதத்தில் கொரோனா பொதுமுடக்கம் தொடங்கியபோது ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை ஒரே முறையில் 0.75 சதவீதப் புள்ளிகள் குறைத்து 4.40 சதவீதமாக்கியது. மே மாதத்தில் அது 4 சதவீதமானது. அதே மாதம் மத்திய அரசு, 2020-21ஆம் ஆண்டுக்கான சந்தைக் கடன் இலக்கை ரூ.7.8 லட்சம் கோடியிலிருந்து ரூ.12 லட்சம் கோடியாக உயர்த்தியது.

வரி வருவாய் சரிந்து கடன் தேவை பெருகிய அந்தச் சூழலில் பத்திரங்களை யார் வாங்குவது என்ற கேள்வி எழுந்தது. அரசிடமிருந்து நேரடியாக ரிசர்வ் வங்கி பத்திரம் வாங்குவதை, நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் குறிப்பிட்ட விதிவிலக்குகள் நீங்கலாக 2006 ஏப்ரல் முதல் தடை செய்துள்ளது. ஆனால் வங்கிகள் அரசிடம் வாங்கிய பத்திரத்தைப் பின்னர் சந்தையில் வாங்குவதற்குத் தடை இல்லை. அவ்வழியில் 2020-21இல் ரிசர்வ் வங்கி நிகரமாக ரூ.3 லட்சம் கோடிக்கும் அதிகமான பத்திரங்களை வாங்கியது. மாநில அரசுகளின் கடன் பத்திரங்களும் 2020 அக்டோபரில் முதல் முறையாக இந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. சந்தையில் பெருமளவு கடன் திரட்டும் தமிழ்நாடு, மகாராஷ்டிரம், உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களுக்கு இது முக்கியமான மாற்றம்.

அடுத்த ஆண்டுக்கான பட்ஜெட்டிலும் ரூ.12 லட்சம் கோடிக் கடன் அறிவிக்கப்பட்டதும் பத்திர வருவாய் விகிதம் ஏறத் தொடங்கியது. அதன் பிறகே ஜி-சாப் வந்தது. வாங்கப் போகும் தொகையை ரிசர்வ் வங்கி முன்கூட்டியே உறுதியளித்தது இத்திட்டத்தின் புதுமை. ஏப்ரல்-ஜூன் காலாண்டில் ரூ.1 லட்சம் கோடி, ஜூலை-செப்டம்பர் காலாண்டில் ரூ.1.2 லட்சம் கோடி என அளவு நிர்ணயிக்கப்பட்டது. பத்தாண்டுப் பத்திரத்தின் வருவாய் அந்த மாதங்களில் 6 சதவீதத்தைச் சுற்றியே இருந்தது. நெருக்கடியான ஓராண்டில், வரலாறு காணாத கடனை அரசு மலிவான வட்டியில் திரட்ட முடிந்தது. மருத்துவச் செலவுக்கும் இலவச உணவு தானியத்துக்கும் அந்தக் கடன் தேவைப்பட்டது என்பதை மறந்துவிட்டு இத்திட்டத்தை எடைபோட இயலாது.

அமெரிக்க அளவுடன் ஒப்பிட்டால் இது சிறியதே. ஜி-சாப் கொள்முதல் முழுவதையும் சேர்த்தாலும் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 1 சதவீதம்தான். ஃபெடரல் ரிசர்வின் சொத்துகளோ இரண்டே ஆண்டுகளில் இரு மடங்குக்கும் மேலாகி, சுமார் 9 லட்சம் கோடி டாலரை எட்டின. மேலும், இந்தியாவில் ரெப்போ வட்டி பூஜ்யத்துக்கு அருகில்கூடச் செல்லவில்லை.

கவனிக்கத்தக்க மற்றொரு வழியும் உண்டு. பெருந்தொற்று ஆண்டில் உலகின் மத்திய வங்கிகள் உருவாக்கிய பணம் மீண்டும் இந்தியா வந்தது. 2020-21இல் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் இந்தியப் பங்குகளில் நிகரமாக சுமார் ரூ.2.7 லட்சம் கோடி முதலீடு செய்தனர். ரூபாய் மதிப்பு அளவுக்கு மீறி உயராமல் இருக்க, வந்த டாலரை ரிசர்வ் வங்கி வாங்கிக் கையிருப்பில் சேர்த்தது. அவ்வாறு வாங்கிய 6,800 கோடி டாலருக்கு ஈடாகச் சந்தையில் விடப்பட்ட ரூபாய் சுமார் ரூ.5 லட்சம் கோடி. உள்நாட்டுப் பத்திரக் கொள்முதலைவிட டாலர் கொள்முதலே அதிக ரூபாயைப் புழக்கத்தில் விட்டது. அமெரிக்காவின் கியூ.இ. ஓரளவு இந்தியாவுக்கும் இறக்குமதியானது என்று இதைச் சொல்லலாம்.

பணம் எங்கே சென்றது?

வங்கிகளிடம் பணம் குவிந்தால் அவை கடன் கொடுக்கும், கடன் பெற்றவர் தொழில் தொடங்குவார் என்பது எதிர்பார்ப்பு. 2020-21இல் வங்கிக் கடன் வளர்ச்சி 6 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. கடை அடைத்துக் கிடந்த வணிகருக்குக் கடன் வாங்கும் எண்ணம் இல்லை. திரும்பி வருமா என்று தெரியாத கடனைக் கொடுக்க வங்கிகளுக்கும் விருப்பம் இல்லை. விளைவாக, வங்கிகள் தங்களிடம் குவிந்த பணத்தை ரிசர்வ் வங்கியிடமே திரும்பக் கொண்டு வைத்தன. 2021 செப்டம்பரில் இவ்வாறு திரும்பிய தொகை நாளொன்றுக்குச் சராசரியாக ரூ.9 லட்சம் கோடியை ஒட்டி இருந்தது. அதில் பெரும்பகுதிக்குக் கிடைத்த வட்டி 3.35 சதவீதத்தைச் சுற்றியே இருந்தது.

பணம் குவிந்து கிடக்கும் வங்கி, வைப்புதாரரை வட்டி காட்டி அழைக்க வேண்டிய தேவை இல்லை. 2019 தொடக்கத்தில் 7 சதவீதத்தை ஒட்டியிருந்த பெரிய வங்கிகளின் ஓராண்டு வைப்பு வட்டி, 2020-21இல் 5 சதவீத அளவுக்கு இறங்கியது. ரூ.10 லட்சத்தை வைப்பில் போட்டுவிட்டு வட்டியில் குடும்பம் நடத்தும் ஓய்வூதியம் இல்லாத ஒருவருக்கு இதன் பொருள், ஆண்டு வருமானம் ரூ.70,000இலிருந்து ரூ.50,000 ஆவது. அதே ஆண்டில் சில்லறைப் பணவீக்கம் சராசரியாக 6.2 சதவீதம். அதாவது, ரூ.10 லட்சத்தின் வாங்கும் சக்தி குறையாமல் இருக்கவே ரூ.62,000 தேவை. செலவுக்கு ஒரு ரூபாய்கூட எடுக்காமல் இருந்தாலும் அவருடைய சேமிப்பு தேய்ந்துகொண்டிருந்தது.

இந்தச் சரிவு முழுவதையும் பத்திரக் கொள்முதலின் கணக்கில் எழுதுவது சரியாகாது. ரெப்போ குறைப்பின் பங்கு இதில் பெரியது. வீட்டுக் கடன் பெற்றவர்களுக்கு வட்டி 7 சதவீதத்துக்கும் கீழ் இறங்கியதற்கும் காரணம் ரெப்போ குறைப்பே. 2019 அக்டோபர் முதல் மாறும் வட்டியிலான புதிய வீட்டுக் கடன்கள் வெளிப்புற அளவுகோலுடன் இணைக்கப்பட்டுள்ளன.

பங்குச் சந்தையின் கதை வேறு. 2020 மார்ச் 23ஆம் தேதி 25,981 புள்ளிகளில் முடிவடைந்த சென்செக்ஸ், 2021 செப்டம்பர் 24ஆம் தேதி 60,000 புள்ளிகளைக் கடந்தது. வைப்பு வட்டியில் மனம் வெறுத்த பலர் பங்குகளை நாடினர். 2020 மார்ச் மாதத்தில் சுமார் 4 கோடியாக இருந்த டிமேட் கணக்குகள் இரண்டே ஆண்டுகளில் சுமார் 9 கோடியாகப் பெருகின. அபாயம் குறைந்த சேமிப்பிலிருந்து மக்களை அபாயம் மிகுந்த முதலீட்டை நோக்கித் தள்ளுவது கியூ.இ. செயல்படும் வழிகளில் ஒன்று எனப் பாடநூல்கள் கூறும். ஓய்வூதியம் இல்லாத முதியவரும் அந்தப் பாதையில் தள்ளப்படலாமா என்பதற்குப் பாடநூல்களில் விடை இல்லை.

திரும்பும் பாதை

2021 அக்டோபர் 8ஆம் தேதி ஜி-சாப் நிறுத்தப்பட்டது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கி எண்ணெய் விலை ஏறியதும் உலகெங்கும் வட்டி உயர்வுக் காலம் வந்தது. ரெப்போ வட்டி 2022 மே முதல் படிப்படியாக உயர்ந்து 2023 பிப்ரவரியில் 6.50 சதவீதமானது. ஃபெடரல் ரிசர்வ் வட்டியை உயர்த்தியதோடு, 2022 ஜூன் முதல் தன்னிடமுள்ள பத்திரங்களின் அளவையும் குறைக்கத் தொடங்கியது. ரூபாய் அந்த ஆண்டு அக்டோபரில் டாலருக்கு ரூ.83ஐத் தாண்டியது. ஆனால் 2013ஐப் போன்ற பீதி ஏற்படவில்லை. 2021 செப்டம்பரில் 64,200 கோடி டாலராக இருந்த அந்நியச் செலாவணிக் கையிருப்பிலிருந்து 10,000 கோடி டாலருக்கும் மேல் குறைந்தபோதிலும் தாங்க முடிந்தது. எளிதாகப் பணம் வந்த காலத்தில் டாலரைச் சேர்த்து வைத்ததன் பலன் இது.

மேலை நாடுகளில் திரும்பும் பாதை கரடுமுரடாக இருந்தது. வருவாய் குறைந்திருந்த காலத்தில் நீண்ட காலப் பத்திரங்களை வாங்கிக் குவித்திருந்த அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி, வட்டி உயர்ந்து அவற்றின் விலை வீழ்ந்ததால் 2023 மார்ச்சில் மூடப்பட்டது. பிரிட்டனில் இங்கிலாந்து வங்கியின் பத்திர இழப்பை அந்நாட்டுக் கருவூலம் ஈடுகட்டி வருகிறது. ஒரு காலத்தில் வட்டிச் செலவில் கிடைத்த ஆதாயத்தின் ஒரு பகுதியை வரி செலுத்துவோர் இப்போது திருப்பிக் கொடுக்கின்றனர்.

இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2025இல் மீண்டும் பத்திரங்களை வாங்கத் தொடங்கியது. அந்த ஆண்டு ஜனவரி 27ஆம் தேதி, ரூ.60,000 கோடி அளவுக்கு மூன்று தவணைகளில் கொள்முதல் செய்யப் போவதாக அறிவிக்கப்பட்டது. தலைப்புச் செய்தி 2021ஐ நினைவூட்டினாலும் காரணம் நேர்மாறானது. ரூபாய் சரிவைத் தடுக்க ரிசர்வ் வங்கி டாலரை விற்றபோது, அதற்கு ஈடான ரூபாய் வங்கிகளிடமிருந்து வெளியேறிப் பணத் தட்டுப்பாடு ஏற்பட்டிருந்தது. 2021இல் ரூபாய் குவிந்து கிடந்தபோதும் வருவாய் விகிதத்தைக் கட்டுப்படுத்தப் பத்திரங்கள் வாங்கப்பட்டன. 2025இல் வறண்ட சந்தையை நிரப்ப வாங்கப்பட்டன. பிப்ரவரியில் ரெப்போ வட்டிக் குறைப்பு தொடங்கியது. ஜூன் மாதத்துக்குள் அது 5.50 சதவீதமானது. வங்கிகளின் வைப்பு வட்டியும் அதைத் தொடர்ந்து இறங்கத் தொடங்கியது.